மௌத் பாயும் ஏறாத போட்டோவும்

ஒரு வேலை நல்லபடியாக முடிந்துவிட்டதே என்று வருத்தப்பட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மௌத் பாய். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் பழங்காநத்தத்தில் எங்கள் ஆபீசுக்கு வந்து அவருடைய நாற்காலியைப் பார்க்கலாம். இன்றைக்கும் அதில் யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் அந்த வருடம் சம்பள உயர்வு கிடையாது என்று ஒரு நம்பிக்கை.

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி எங்களுடையது. இணையதளங்கள் செய்து கொடுப்போம். செய்ததைச் சோதித்துப் பார்ப்பது பாயின் வேலை. ஏதாவது ஓடவில்லை என்றால் மற்ற ஆபீசில் 'ஃபெயில்' என்பார்கள். பாய் எழுந்து நின்று, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, மூணாவது பக்கம் மௌத்தாயிருச்சு" என்பார். முஸ்லிம் வீடுகளில் சாவுச் செய்தியைச் சொல்கிற சொல் அது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி முதல் நாளே இதைக் கேட்டுவிட்டு, "மாலைக்குச் சொல்லிரவா அண்ணே?" என்று கலங்கிய கண்ணோடு என்னிடம் வந்து நின்றாள்.

சரியாக ஓடிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். திரையில் பச்சை அடையாளம் விழும். "பச்சை காட்டுதா? அப்ப பெருசா என்னமோ காத்திருக்கு" என்று பாய் தலையில் கை வைத்துக்கொள்வார். மதியம் டப்பாவைத் திறக்கும்போதே "கெட்டுப்போயிருக்கும்" என்பார். நெய்ச்சோறு கமகம என்று இருக்கும். ஏமாற்றத்தோடு முழுவதையும் சாப்பிடுவார்.

பாயின் சந்தேகம் முழு வேகத்தில் வேலை செய்தது ஓர் இடத்தில்தான். படிவங்களில் 'ஃபைலைத் தேர்ந்தெடு' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அங்கே. அதைச் சோதிப்பதற்காகவே தன் கம்ப்யூட்டரில் 'கஷ்டம்' என்று பெயரிட்டு ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். உள்ளே ஒன்றுமே இல்லாத ஃபைல், யானை கனத்தில் ஒரு ஃபைல், தலைகீழாக ஸ்கேன் செய்த மதிப்பெண் பட்டியல், பி.டி.எஃப். என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட புகைப்படம் என்று அதற்குள் இல்லாத வில்லங்கம் இல்லை. கொட்டாம்பட்டியில் எங்கள் ஆபீஸ் பையன் ஒருவனின் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். எல்லோரும் பந்தியில் பாயசம் கேட்டுக்கொண்டிருக்க, பாய் பக்கத்து இலைக்காரரிடம், "உங்களுக்கு எந்த ஃபைலாச்சும் ஏறாமப் போயிருக்கா? இருந்தா அனுப்பி வைங்க" என்று போன் நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஃபோல்டரில் பாயின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் இருந்தது. இளவயது பாய், தலை நிறைய முடி, உதட்டோரம் லேசான சிரிப்பு. பாய் சிரித்ததற்கு வேறு சாட்சி கிடையாது. வாலிபத்தில் அந்தப் போட்டோவை வைத்துத்தான் அரசு வேலைத் தேர்வுக்கு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பித்திருக்கிறார். போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் கையெழுத்தும், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் போட்டோவும் மாறி ஏறிவிட்டன. இணையதளம் ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் வாங்கிக்கொண்டு பச்சை காட்டியது. விண்ணப்பம் தள்ளுபடியானது பிறகுதான் தெரிந்தது. அதோடு வயது வரம்பும் முடிந்தது.

"அன்னிக்கே அது ஒரு வார்த்த 'மாத்திப் போட்டுருக்க'ன்னு சொல்லியிருந்தா, நான் இந்நேரம் ஆபீசரு மாப்ள. பச்சை காட்டியே கழுத்தறுத்துருச்சு" என்பார்.

இப்படி இருக்கையில் ஓர் அறக்கட்டளையின் வேலை வந்தது. படிக்க வசதியில்லாத பிள்ளைகள் கல்வி உதவிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். போட்டோ, கையெழுத்து, மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஏற்ற வேண்டும். எங்கள் எம்.டி. அதற்கு முன்பு டைல்ஸ் கடை வைத்திருந்தவர். அவருக்கு சாஃப்ட்வேரும் டைல்ஸ்தான். "ஒரு தடவை ஒட்டுனா நிக்கணும்யா. தினம் ஒரு ஆளு வந்து தட்டிப் பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு எதுக்குச் சம்பளம்?" என்றார். சோதனை முழுவதையும் தானாக நடக்கும்படி செய்யும் வேலையை என்னிடம் கொடுத்தார். பிரவுசரைத் தானே திறந்து, படிவத்தைத் தானே நிரப்பி, ஃபைலைத் தானே ஏற்றிப் பார்க்கும் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் பாய் கிளம்பலாம். இதைப் பாயை வைத்துக்கொண்டே சொன்னார்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் பாய். நினைத்தது நடந்த திருப்தி முகத்தில் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் அன்று டப்பாவில் பாதிச் சோறு மிச்சம். வீட்டில் காலேஜ் படிக்கும் இரண்டு பெண்கள். அவர் வயதுக்கு வேறு எந்த ஆபீசும் கதவைத் திறக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பியது. 'ஃபைலைத் தேர்ந்தெடு' பொத்தானை அமுக்கியதும் அப்படியே நின்றது. அமுக்கினால் திறக்கும் பெட்டி பிரவுசருடையது இல்லை, கம்ப்யூட்டருடையது. அதற்குள் ஸ்கிரிப்டின் கை எட்டாது. பாய் டீயோடு என் பின்னால் வந்து நின்று, "பாவம், சம்பந்தி வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிது" என்றார். அது அங்கே நிற்கும் வரை பாயும் இங்கே இருப்பார் என்பதால், நானும் அவசரப்படவில்லை.

ஆனால் எத்தனை நாள் தள்ள முடியும்? வழி சுலபமானது. பொத்தானை அமுக்கவே வேண்டாம். ஃபைல் இருக்கும் இடத்தின் முகவரியை அந்தக் கட்டத்திடம் நேராகக் கொடுத்துவிட்டால் போதும். கொடுத்தேன். ஏறியது. வரிசையாகப் பச்சை.

"பொத்தானையே அமுக்காம உள்ள போயிருச்சே மாப்ள. எந்த மனுசன் இப்படி ஏத்துவான்?"

"மனுசனுக்கு இல்ல பாய், இது டெஸ்ட்டுக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

கடைசி நாளில் கேக் வெட்டினோம். "பழசு" என்றார். அன்று காலை வாங்கியது. பையை எடுத்துக்கொண்டு, "போறேன் மாப்ள" என்றார்.

"அப்படிச் சொல்லக் கூடாது பாய். வாரேன்னு சொல்லுங்க."

"வரப் போறதில்லையே, எதுக்குப் பொய்?" என்று படியிறங்கிவிட்டார்.

அன்று சாயங்காலமே எம்.டி. பாயின் கம்ப்யூட்டரை முழுக்க அழித்து, புதிதாக வரப்போகிறவருக்குத் தயார் செய்யச் சொன்னார். மறுநாள் காலை ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். மேலிருந்து கீழ்வரை சிவப்பு. இத்தனை நாளும் ஸ்கிரிப்ட் எடுத்து ஏற்றியது பாயின் கம்ப்யூட்டரில் இருந்த 'கஷ்டம்' ஃபோல்டரிலிருந்து. முகவரி இருந்தது, வீடு இல்லை. அதற்கு அடுத்த நாள் அறக்கட்டளையின் தளம் பிள்ளைகளுக்குத் திறந்தாக வேண்டும். "என்னய்யா, ஒட்டுனது பூராம் பேந்து கெடக்கு!" என்று எம்.டி. அலறினார்.

பாய்க்குப் போன் போட்டேன். "பாய், எல்லாம் மௌத்தாயிருச்சு."

"எல்லாமேவா?" என்றார். அந்தக் குரலில் அப்படி ஓர் உற்சாகத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

வீட்டில் வைத்திருந்த நகலை பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் படியிலேயே மறித்தேன்.

"பாய், குடுத்துறாதீங்க. நான் இருந்தாத்தான் இது ஓடும்னு சொல்லுங்க. வேற வழியில்லாம உங்கள வச்சுக்குவாரு."

பாய் ஒரு படி மேலே ஏறி, சுவரில் சாய்ந்து நின்றார். யோசிக்கத்தான் செய்தார்.

"நாளைக்குப் புள்ளைங்க போட்டோ ஏத்தும் மாப்ள. எங்கயோ ஒரு புள்ள மாத்திப் போட்டுரும். இது பச்சை காட்டி அனுப்பிச்சிரும். அப்புறம் அதுவும் என்னைய மாதிரி சோத்து டப்பாவக்கூடச் சந்தேகப்பட்டுக்கிட்டுத் திரியும். ஊருக்கு ஒரு மௌத் பாய் போதும்."

உள்ளே வந்து ஃபைல்களை என் ஸ்கிரிப்டுகளோடு சேர்த்து ஒரே இடத்தில் வைத்தார். "இனிமே எந்த மெசினு போனாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். ஓடவிட்டோம். போட்டோ இடத்தில் கையெழுத்தை ஏற்றியதும் தளம் மறுத்து, மாற்றச் சொன்னது. மாற்றி, போட்டோ இடத்தில் போட்டோவை ஏற்றியதும் வாங்கிக்கொண்டது. பாய் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரியாத்தான் இருக்கும் போல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது.

எம்.டி. டீ வாங்கிக் கொடுத்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாயும் கேட்கவில்லை. படியில் பாதி இறங்கியவர் திரும்பிப் பார்த்து, "வாரேன் மாப்ள" என்றார்.

வரவில்லை. இப்போது கீழவாசல் பக்கம் மச்சானின் குடைக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். குடை வாங்க வருகிறவர்களிடம் இந்த வருசம் மழை பெய்யாது என்கிறார். வியாபாரம் எப்படி நடக்கும்? பெரிய பெண் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். நான் அந்தப் பக்கம் போனால் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"ஏறுதா மாப்ள?"

"ஏறுது பாய்."

"எதுக்கும் பாத்துக்க."

சோதனை ஃபைல்களை எல்லாம் புதிதாக மாற்றும்படி எம்.டி. சொன்னார். மாற்றிவிட்டேன், அந்த ஒரு போட்டோவைத் தவிர. தினமும் காலையில் ஸ்கிரிப்ட் ஓடும்போது, உதட்டோரம் லேசாகச் சிரிக்கிற அந்த வாலிபப் பாய் சரியான கட்டத்தில் போய் உட்கார்வதைப் பார்த்த பிறகுதான் நான் டீ குடிக்கக் கீழே இறங்குகிறேன்.