நான் அந்த வெள்ளைக்காரரை அடிக்கவில்லை

எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவது வரை படித்தவன். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் முன்னுரையையும் முடிவுரையையும் எழுதிவிட்டு, நடுவில் என்ன எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். பேசவும் வராது. பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, திரும்பி நடந்து வருகிற ஆள்.

அப்படிப்பட்டவன் பேனாவை எடுக்க ஒரு காரணம் இருக்கிறது. இந்த முறை லீவுக்கு ஆரணி வந்தபோது முடிவெட்டப் போனேன். கடைக்காரர் என் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே கண்ணாடியில் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்: "ஃபாரின்ல வெள்ளைக்காரனை அடிச்சது நீங்கதானங்க?"

நான் அடிக்கவில்லை. டையைத்தான் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியிடம் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். நெசவு வேலை அல்ல. நெய்து வருகிற சேலையில் குறை பார்க்கிற வேலை. நெய்தவர் எதிரே உட்கார்ந்திருப்பார். நான் சேலையை மடியில் போட்டு, இடது கையை அடியில் கொடுத்து, முந்தியிலிருந்து நகர்த்திக்கொண்டே போவேன். எங்கேயாவது இழை அறுந்திருந்தாலோ, இழுபட்டிருந்தாலோ வலது கைக் கட்டைவிரலை அதன்மேல் வைத்துவிடுவேன். வைத்த விரலை நெய்தவர் குனிந்து பார்க்கும்வரை எடுக்கக் கூடாது. எடுத்தால் ஆறு கஜத்தில் அந்த ஓர் இழையை மறுபடி கண்டுபிடிக்க முடியாது. "எங்க, காட்டு பாக்கலாம்" என்று அவர் கேட்பார். நமக்கு அன்றைய பொழுது பேஜார்.

இன்னொன்றும் உண்டு. சேலை நன்றாக இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது. நன்றாக இருக்கிறது என்று நம் வாயிலிருந்து வந்துவிட்டால் நெய்தவர் கூலியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார், முதலாளி நம்மைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். ரொம்ப நன்றாக இருந்தால் "ம்" என்று சொல்லி மடித்து வைக்கலாம். அதுதான் அங்கே பெரிய பாராட்டு. (பெண் பார்க்கப் போனபோதும் நான் "ம்" என்றுதான் சொன்னேன். பரிமளா இன்னும் அதை மறக்கவில்லை.)

பரிமளா என் மனைவி. வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டே இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்து, இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறினாள். அயர்லாந்தில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. எனக்கு நாற்பத்தெட்டு. நான் அவளுடைய கணவன் என்ற தகுதியில் கூடப் போனேன். அதைத் தவிர வேறு தகுதி எதையும் அவர்கள் என்னிடம் கேட்கவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

மகள் யாழினியை ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். பிளஸ் டூ முடித்திருந்தாள். மேற்கொண்டு அங்கே வந்து படிப்பதாகப் பேச்சு. ஆனால் நாங்கள் இருந்தது வேறு மூன்று நர்ஸுகளோடு ஒரே வீட்டில் ஒரே ஓர் அறை. மகளுக்கு விசா கேட்க வேண்டுமானால் அவள் வந்து தங்க ஒழுங்கான வீடு இருக்கிறது என்று காகிதத்தில் காட்ட வேண்டும். அந்த ஊரிலோ ஒரு வீடு காலியானால் இருபது குடும்பம் வரிசையில் நிற்கும். வீட்டுக்காரர் எல்லோரையும் உள்ளே விட்டு, பேசிப் பார்த்து, பிடித்தவருக்குத்தான் கொடுப்பார். எட்டு மாதத்தில் பதினோரு வீடு பார்த்தோம். ஒருவருக்கும் எங்களைப் பிடிக்கவில்லை. யாழினி வாரத்தில் நாலு முறையாவது போனில் கேட்பாள், வீடு என்னப்பா ஆச்சு என்று.

குற்றம் என்மேல்தான் என்று பரிமளா கண்டுபிடித்தாள். அந்த ஊர்க்காரர்கள் எதையும் பாராட்டுகிறவர்கள். மழை நின்றால் பாராட்டுவார்கள். கடையில் நான் உருளைக்கிழங்கை எடுத்து வைத்தால் அந்தப் பெண் "பர்ஃபெக்ட்" என்பாள். உருளைக்கிழங்கை நானா விளைவித்தேன்? அப்படிப்பட்ட ஊரில், நான் வீடு பார்க்கப் போய், சுவரில் ஈரம் இருக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தபடி நின்றால் யார் வீடு கொடுப்பார்கள்?

அதனால் பன்னிரண்டாவது வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸிலேயே எனக்குப் பயிற்சி நடந்தது. ஒவ்வோர் அறைக்குள் நுழைந்ததும் நான் "லவ்லி" என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் சொல்ல வேண்டாம். சுவரைத் தொடக் கூடாது. கைகளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் எதிர் சீட்டைப் பார்த்து மெதுவாக ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எதிர் சீட்டில் ஓர் அம்மாள் இருந்தார். அவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

வீட்டுக்காரர் பெயர் பேட்ரிக். ரிடையரான வாத்தியார், ஆறடி உயரம். மதியம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்ததால் கோட்டும் டையுமாக இருந்தார். மற்ற குடும்பங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றன. பரிமளா எங்கே வேலை செய்கிறாள் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அம்மாவைக் கடைசிக் காலத்தில் அந்த முதியோர் இல்லத்தில்தான் நன்றாகப் பார்த்துக்கொண்டார்களாம். ஊரில் மகள் இருக்கிறாள், வீட்டைப் போனில் காட்டலாமா என்று பரிமளா கேட்டாள். தாராளமாக என்றார். இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

வாசலில் கோட்டு மாட்டுகிற ஆணியைப் பார்த்து "லவ்லி" என்றேன். அதோடு சரி. ஏனென்றால் உள்ளே வீடு உண்மையிலேயே நன்றாக இருந்தது. நன்றாக இருந்தால்தான் எனக்கு வாய் கட்டிவிடுமே. கூடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. குளியலறை இன்னும் நன்றாக இருந்தது, மூச்சுகூட விடவில்லை. மாடியில் ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் பச்சையாக ஒரு மேடு, அதில் நாலைந்து மாடு. போனிலிருந்து யாழினி கேட்டாள்: "அம்மா, இந்த ரூம் எனக்கா?"

பரிமளா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் "ம்" என்றேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய "ம்" சொன்னதில்லை. பேட்ரிக் மட்டும் கொஞ்சம் வாடிவிட்டார். உங்கள் கணவருக்கு வீடு பிடிக்கவில்லையோ என்று மெதுவாக விசாரித்தார். அவர் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார் என்றாள் பரிமளா. சந்தோஷத்தை என் முகத்தில் தேடிப் பார்த்துவிட்டு அவர் எங்களைக் கீழே சமையலறைக்கு அழைத்துப் போனார்.

வெந்நீர் போடுகிற சுவிட்ச் அலமாரிக்குள் தாழ்வாக இருந்தது. அதைக் காட்டுவதற்காக அவர் குனிந்தார். டை முன்னால் தொங்கி என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. கருநீலம், சின்னச் சின்ன மஞ்சள் புள்ளி, சுத்தமான பட்டு. நான் பட்டைக் கிட்டத்தில் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது புள்ளிக்குக் கீழே ஓர் இழை இழுபட்டிருந்தது.

கோட்டுப் பையிலிருந்து கைகள் எப்போது வெளியே வந்தன என்று எனக்குத் தெரியாது. இடது கை டைக்கு அடியில் போய்விட்டது. வலது கைக் கட்டைவிரல் இழையின்மேல் உட்கார்ந்துவிட்டது. பழக்க தோஷத்தில் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டேன்.

பேட்ரிக் நிமிரப் பார்த்தார். நான் ஐந்தடி மூன்று அங்குலம். டை என் கையில் இருந்ததால் அவரால் என் உயரத்துக்கு மேல் வர முடியவில்லை. ஆனால் நல்ல மனிதர். அரைக் குனிவில் நின்றபடியே, காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் வெந்நீர் வரும் என்று விளக்கத்தைத் தொடர்ந்தார்.

நான் காத்திருந்தேன். அவர் விரலைப் பார்க்க வேண்டும், பார்த்தால்தானே எடுக்க முடியும்? அவரோ என் முகத்தையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் எதிரே இருந்தவர்கள் எல்லோரும் விரலைத்தான் பார்த்திருக்கிறார்கள். இவருக்குக் கண்ணில் கோளாறு போலிருக்கிறது, கொஞ்சம் கிட்டத்தில் காட்டுவோம் என்று டையை அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கினேன். (நான் அதுவரை டை கட்டியதில்லை. இழுத்தால் கழுத்து இறுகும் என்று யாரும் சொல்லவில்லை.) வெந்நீர் விளக்கம் பாதியில் நின்றது. அவர் முகம் தக்காளி மாதிரி ஆனது.

பரிமளா என் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. வீட்டைப் பாராட்டுகிற அதே குரலில் தமிழில் சொன்னாள்: "இன்னா பண்ணிகினு இருக்கீங்க? அவர் டையை விடுங்க. நான் சிரிச்சிகினே சொல்றேன், ஜல்தி விடுங்க."

"அவரு இன்னும் பாக்கலியே" என்றேன்.

அவள் கையில் போன் இருந்தது. யாழினி இன்னும் அதில்தான் இருந்தாள். "அத்தை, இங்க வாயேன். அப்பா ஒருத்தரைப் புடிச்சி இழுத்துகினு இருக்காரு" என்று அவள் குரல் கேட்டது. பிறகு என் தங்கையின் குரல். அவளுக்கு எப்போதுமே மைக் தேவைப்பட்டதில்லை. "யார்டி அது? எங்க அண்ணனை இன்னா சொன்னான் அவன்? ண்ணா, விடாத ண்ணா."

ஜன்னலுக்கு வெளியே குடைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. ஒருவர் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினார். அப்போதுதான் நான் விரலை எடுத்தேன்.

எனக்குப் பட்டில் வேலை, குறை கண்டால் கை தானாகப் போய்விடும் என்று பரிமளா என்னென்னவோ சொன்னாள். பேட்ரிக் முடிச்சைத் தளர்த்திக்கொண்டார். கண்ணாடியை எடுத்துப் போட்டு டையைப் பார்த்தார். ஆமாம், இழுபட்டுத்தான் இருக்கிறது, நன்றி என்றார். பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டே, போன வருஷம்தான் கழுத்து எலும்பில் ஆபரேஷன் ஆனது, அதனால்தான் கொஞ்சம் பயந்துவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள் என்றார்.

எப்படியாவது நிலைமையைச் சரிசெய்ய வேண்டுமே. பஸ்ஸில் படித்த பாடம் எனக்கு அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது.

"லவ்லி" என்றேன். நல்ல சத்தமாக.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பரிமளா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, வீடு எப்படி இருந்தது என்று கேட்டாள். நல்லா இருந்தது என்றேன்.

"அதை அங்கயே சொல்றதுக்கு இன்னா?"

நான் கைகளை மறுபடி கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். "கட்டிலை ஜன்னல் ஓரமா போடணும்னு சொல்லிகினு இருந்தா உங்க பொண்ணு" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தங்கை மூலம் செய்தி கிளம்பியது. சேத்துப்பட்டில் நான் டையைத்தான் பிடித்திருந்தேன். ஆரணிக்கு வருவதற்குள் அறைந்துவிட்டேன். வந்தவாசி சொந்தக்காரர்கள், அந்த ஆள் பிழைத்துக்கொண்டாரா என்று விசாரித்தார்களாம். போன லீவில் வந்தபோது சித்தப்பா மகன் ஒருவன் பக்கத்து வீட்டோடு மதில் சுவர்த் தகராறு என்று என்னைக் கூட்டிப் போனான். நீ ஒன்றும் பேச வேண்டாம், வந்து சும்மா நில் என்றான். போய் நின்றேன். பேசாமல் நிற்பது எனக்குக் கைவந்த கலை அல்லவா. பத்து நிமிஷத்தில் தகராறு தீர்ந்துவிட்டது.

என் கட்டைவிரலுக்கு ஏழு மாதம் அபராதம். அவ்வளவு நாள் கழித்துத்தான் வேறொரு வீடு கிடைத்து, யாழினி வந்து சேர்ந்தாள். அவள் அறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான். முதல் நாள் அவள் அதைத் திறந்து பார்த்தபோது, ரூம் நல்லா இருக்கும்மா என்று நானாக வாய் திறந்து சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது டை கட்டியவர் யாராவது எதிரே வந்தால், "அப்பா, கை உள்ள" என்பாள். சேத்துப்பட்டில் என் தங்கை புருஷன், நான் உள்ளே நுழைந்தால் போதும், சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, "எல்லாரும் கழுத்தைப் பத்திரமா வெச்சிக்கங்க, மச்சான் வர்றாரு" என்பார். குழந்தைகள் உடனே கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். நானும் சிரிப்பேன்.

பேட்ரிக்கின் வீட்டைப் பார்த்தது ஒரு சனிக்கிழமை; அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. வீட்டை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். பரிமளா டூட்டிக்குப் போயிருந்தாள். யாழினிக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். சரிப்பா என்றாள். பிறகு அரிசி களைந்து சாதம் வைத்தேன்.