நல்லா பண்ணியிருக்கீங்க

கறாரின் மெயில்பெட்டி நிரம்பிப்போய், காலையிலிருந்து ஒரு மெயிலைக்கூட வெளியே விடாமல் அடம்பிடித்தது. சாயங்காலத்துக்குள் பெரிய பம்பு ஆர்டருக்கான கொட்டேஷன் போயாக வேண்டும். போகாவிட்டால் ஆர்டரும் போச்சு, பழியும் அவள் தலையில். விலையில் இம்மியும் இறங்க மாட்டாள் என்பதால் ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர்தான் கறார்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அண்ணனுக்குப் போன் போட்டாள். வேண்டாததை அழி, மிச்சத்தை ஃபோல்டரில் பிரித்துப் போடு, பெட்டி தானாக ஓடும் என்று கொட்டாவியோடு சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பிரிக்க உட்கார்ந்தால், போன வருஷம் ரிட்டயரான பழைய மேனேஜர்தான் பக்கம் பக்கமாக வந்தார். அவள் அனுப்பிய ஒவ்வொரு கொட்டேஷனுக்கும் ஒரே வரி: "நல்லா பண்ணியிருக்கீங்க." கீழே கம்பெனிக் கட்டடத்தின் பெரிய கலர்ப்படம்.

சேர்ந்த வாரம் அந்த வரி வந்தபோது மாடிப்படியில் நின்று அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினாள். குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். செய்வது சரியா தப்பா என்று வீட்டில் யாரைக் கேட்பது? "எங்க, இன்னொரு தடவை படி" என்றாள் அம்மா. இரண்டாம் தடவை கடைசியில் ஒரு 'ம்மா'வை இவளே சேர்த்துப் படித்தாள். கொட்டேஷனை இணைக்க மறந்து வெறும் மெயிலை அனுப்பிய அன்றும் மனுஷன் திட்டவில்லை. அதே வரிதான்.

இதையா அழிப்பது? 'சார்' என்று ஒரு ஃபோல்டர் திறந்தாள். காய்ச்சலோடு அனுப்பியதற்கு வந்த வரியும், கேன்டீனில் அழுதுவிட்டு அனுப்பியதற்கு வந்த வரியும் ஒன்றா என்ன? உள்ளே தனித்தனி ஃபோல்டர். பெட்டி இன்னும் திணறியது. 'நல்லா' என்ற சொல் இருந்தால் மெயில் தானாக அங்கே போகட்டும் என்று ஏற்பாடு செய்தாள். புது மேனேஜர் அனுப்பிய "நல்லா இருக்கு உங்க வேலை, கொட்டேஷன் எங்கே?" என்பதும் நேராகப் பாராட்டுகளோடு போய் உட்கார்ந்துகொண்டது.

பதில் வராமல் புது மேனேஜர் நேரிலேயே வந்து நின்றார். பதற்றத்தில், இடம் வேண்டுமென்று தன் பழைய கொட்டேஷன்களை மொத்தமாக அழித்தாள். அன்றைய கொட்டேஷனும் கூடவே போனது.

சிஸ்டம் அண்ணன் வந்து அதைக் குப்பையிலிருந்து மீட்டார். ஆனால் பெட்டியை அமுக்குவது அந்தக் கட்டடப் படங்கள்தான், 'சார்' போனால்தான் வழி என்றார்.

கறார் கண்ணை மூடிக்கொண்டு அழித்தாள். கொட்டேஷன் பறந்தது.

மனசு கேட்கவில்லை. அவருடைய பழைய முகவரிக்கே எழுதினாள்: 'சார், நீங்க எழுதினது எல்லாத்தையும் இன்னிக்கு அழிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க.'

அடுத்த நொடி பதில்: "நல்லா பண்ணியிருக்கீங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரையைப் புது மேனேஜர் பக்கம் திருப்பினாள். "பாத்துக்குங்க சார். இவர் மேனேஜர்."

எட்டிப் பார்த்த சிஸ்டம் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"மெயில் பாக்கவே தெரியாதுன்னாரேன்னு அவருக்கு நான் போட்டுக்குடுத்த ஆட்டோ ரிப்ளை, இன்னுமா ஓடிக்கிட்டிருக்கு?"