மைக் முன்னால் உடைந்த பானை

எனக்கு வாயை மூடிக்கொண்டு படிக்கத் தெரியாது. அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவள் நான். விரல் எழுத்தின் மேல் போனால் வாயும் கூடவே போகும். (கடைவீதியில் போர்டு போர்டாக நான் கத்திப் படிப்பதால், மருமகள் பத்தடி தள்ளியே நடப்பாள்.)

மும்பை தாராவியில், ஒண்டு வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் சாலில் நாற்பது குடும்பம். புதிதாக வந்த செகரெட்டரி ஒரு சட்டம் போட்டார். கூட்டத்தில் யாரும் எழுந்து பேசக் கூடாது. குறை இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களில் எத்தனை பெண்களுக்கு எழுதத் தெரியும்? பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் போய் நாலு மாதம். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அன்றைய கூட்டத்தில், மூத்தவள் என்று என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். செகரெட்டரி யாரையோ வரவேற்க வாசலுக்குப் போனார். சும்மா இருப்பானேன் என்று முதியோர் எழுத்து வகுப்பில் கொடுத்த சிறுவர் நாவலை மடியில் விரித்தேன். எதிரே மைக் போட்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

"மந்திர... ராஜா... ஊரார் குரலை எல்லாம்... பானையில் போட்டு... மூடினார்."

கூட்டம் சிரித்தது. தப்பாகப் படித்துவிட்டேன் போல என்று, அதே வரியை இன்னும் சத்தமாகத் திரும்பப் படித்தேன். செகரெட்டரி ஓடி வந்தார். முகம் தக்காளி.

"பெரியம்மா, மனசுக்குள்ள படிங்க."

"அந்தப் பாடத்த இன்னும் நடத்தலய்யா."

அதுவும் மைக்கில் போனது. எழுந்து ஓடலாம் என்றால், அப்புறம் என்ன ஆச்சு என்று முன்வரிசைப் பெண்கள் விடவில்லை. படித்தேன். ஒரு சின்னப் பெண் கல்லெறிந்து பானையை உடைக்கிறாள். குரல்கள் பறந்து அவரவர் தொண்டைக்குத் திரும்புகின்றன. குழந்தைக் கதைதான். எழுதியவர் எங்கள் சாலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்னவோ.

பக்கத்து வீட்டுப் பேச்சி எழுந்தாள். "அந்தப் பானைக்குள்ளதான் எங்க கக்கூஸ் தாழ்ப்பாளும் கெடக்கு. எடுத்துத் தாங்க."

அப்புறம் ஒவ்வொருத்தியாக எழுந்தோம். நாங்கள் பேசப் பேச, செகரெட்டரிதான் உட்கார்ந்து எழுதினார். மறுநாள் மத்தியானம் புதுத் தாழ்ப்பாள் வந்தது. முதலில் உள்ளே போய்ப் பூட்டிப் பார்த்தவள் நான்தான்.

இப்போதும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், "அம்மா, மனசுக்குள்ள படி" என்பான் மகன். அந்தப் பாடத்தை இன்னும் நடத்தவில்லை என்பேன். நடத்தினாலும் அன்றைக்கு வகுப்புக்கு நான் லீவு.