ஜீப்புக்கு மட்காட் பூட்டி மாப்பிள்ளை கேட்கப் போனோம்

வாய் பேசாத ஆட்களுக்கு வாய்க்கிற வாகனம் ஊரைக் கூட்டுகிற வாகனமாகத்தான் இருக்கும். நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதிலும் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்ல வெட்கப்பட்டு, பாதி நாள் வகுப்புக்குள்ளேயே இருந்துகொண்டு வராதவளாகிப் போனேன். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த புருஷன், உன்னிச்சையில் எங்கள் வயல் வட்டைக்குப் போய்வர ஒரு பழைய ஜீப் வாங்கினார்.

மாரி காலத்தில் வயலுக்குப் போகிற அந்தப் பாதை முழுக்கச் சேறு. ஜீப் புதைந்தது. இழுத்தோம். மறுபடியும் புதைந்தது. (எருமைகள் வரிசையாக நின்று பார்த்தன. அவற்றின் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததாக இவர் இன்றைக்கும் சொல்வார்.) ரோஷம் வந்து, பழைய சாமான் கடையில் தேடிப் பெரிய பெரிய டயர்களாக வாங்கிவந்து பூட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஜீப் புதையவில்லை. ஆனால் டயர்கள் உடம்பை விட்டு ஒரு சாண் வெளியே நின்றன, சின்னப்பிள்ளை தகப்பனின் செருப்பைப் போட்டுக்கொண்டதுபோல. ஓடத் தொடங்கினால் சேற்றை அள்ளி எறியும். கண்ணாடிக்கு, கூரைக்கு, வேலிக்கு மேலால் அடுத்த வளவில் காய்கிற உடுப்புக்கு. ஒருநாள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த பூசாரியார் எங்களைக் கடந்த கையோடு திரும்பவும் குளிக்கப் போனார். நான் ஜீப்புக்குள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, இது யாருடைய வாகனமோ என்பதுபோல இருந்தேன்.

இந்த நிலையில்தான் மகள் தர்சினிக்குக் கலியாணப் பேச்சு வந்தது. கல்குடாவில் ரவி என்ற பையன். இரண்டு பேருக்கும் பயிற்சி வகுப்பில் பழக்கம். அவளுக்கு அவனைத் தவிர வேறு நினைப்பு இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போகவேண்டும். அதிலும் எங்கள் குடும்பத்தில் வெற்றிலைத் தட்டை நீட்டி அந்தக் கேள்வியைக் கேட்பது பெண்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு முன் நல்ல நேரம். தவறவிட்டால் முடிந்தது. அடுத்த நாளே வேறொரு வீட்டார் அதே பையனைக் கேட்டு வரப்போவதாக ரவியே போனில் சொல்லியிருந்தான்.

தர்சினி அழுதுகொண்டு வந்தாள். “அம்மா, இந்தச் சேத்து ஜீப்பில போய் அவங்கட வாசல்ல இறங்கினீங்கண்டா நான் கிணத்துக்குள்ள குதிப்பன்.”

“வாடகை வேன் பிடிப்பமே” என்றேன் நான்.

“சொந்த வாகனம் வாசல்ல நிக்க வாடகை வேனோ?” என்றார் இவர். “டயரை மூடினாச் சரி. ரப்பர் மட்காட் ஒண்டு பூட்டுவம்.”

டவுனில் போய்த் தடித்த ரப்பரில் செய்த வளைவு வளைவான மூடிகளை வாங்கி வந்தார். பூட்டுகிற விதத்தைப் போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டினான். அவன் பேசுவது எங்களுக்கு விளங்காது. “அவன் பறையிறது நமக்கு வேணாம், கையை மட்டும் பாப்பம்” என்று, அவன் வாய் திறக்கும்போதெல்லாம் இவர் விரலால் தள்ளித் தள்ளி விட்டார். ஓர் இடத்தில் அந்த மனுஷன் வேலையை நிறுத்திவிட்டு, தடித்த தடித்த சிநேகிதர்களைக் கூப்பிட்டு வாகனத்துக்குள் ஏற்றினான். பிறகு நெடுநேரம் கையை ஆட்டி என்னவோ சொன்னான்.

“இவங்க என்னத்துக்கு ஏறுறாங்க?” என்று கேட்டேன்.

“வேலை முடிஞ்சுதானே, சுத்தப் போறாங்க போல” என்று இவர் அதையும் தள்ளினார்.

நான் மூடியைப் பிடித்துக்கொள்ள, இவர் துளை போட்டு முடுக்கினார். டயருக்கும் மூடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்ற கேள்வி வந்தது. எனக்கு அந்தப் பூசாரியாரின் வேட்டி கண்ணுக்குள் நின்றது. “ஒரு விரல் போனாக் காணும்” என்றேன். அன்று முழுக்க நான் சொன்ன ஒரே யோசனை அதுதான். (என் விரல் முருங்கைக்காய் மாதிரி மெலிந்த விரல் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.) பூட்டி முடித்தபோது ஜீப், கோழி செட்டையை விரித்துக் குஞ்சுகளை அணைத்தது போல அவ்வளவு வடிவாக நின்றது. தர்சினி போட்டோ எடுத்து ரவிக்கு அனுப்பினாள்.

ஞாயிறு விடிந்தது. மாப்பிள்ளை கேட்டு வெறுங்கையோடு போவதில்லை. பலகாரப் பெட்டிகள் ஏறின. வாழைக்குலைகள் ஏறின. எருமைத் தயிர்ச் சட்டிகள் ஏறின. “நாங்களும் தாறம்” என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் புது அரிசி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். இடம் காணாமல் தர்சினி, ஜீப்பில் கிடந்த சாவி குறடு வைக்கிற ஆயுதப் பெட்டியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டாள். கடைசியாக இவரின் அக்கா ஏறினார்.

எனக்கு மச்சாள். அன்றைக்குப் பேச வேண்டியது அவர்தான். ஊரில் எந்தக் கலியாணப் பேச்சுக்கும் அவரைத்தான் கூட்டிப் போவார்கள், அப்படி ஒரு வாய். அந்த வாய்க்கு ஏற்ற உடம்பு. மச்சாள் உட்கார்ந்ததும் ஜீப் ஒருமுறை ‘ம்ம்’ என்று முனகியது. மரியாதைக்கு முனகுகிறது என்று நினைத்தேன்.

தார் ரோட்டில் சின்னதாக ஒரு கீச்சுச் சத்தம். பள்ளம் வரும்போது பெரிய கீச்சு. கிரானுக்குக் கிட்டப் போகும்போது ரப்பர் கருகும் மணம்.

“ஆரோ குப்பை எரிக்கிறானுகள்” என்றார் மச்சாள்.

கொஞ்சம் போனதும் எங்கள் பின்னாலேயே புகை வந்தது. குப்பைக்காரன் நாங்கள்தான். இறங்கிப் பார்த்தோம். பாரத்தில் ஜீப் அமர்ந்து, மூடி டயரின் மேல் படுத்திருந்தது. நான் விரலை நுழைத்துப் பார்த்தேன். நகம்கூடப் போகவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தத் தடித்த சிநேகிதர்கள் ஞாபகம் வந்தார்கள்.

“இஞ்ச பாருங்க, வெள்ளைக்காரன் ஆக்களை ஏத்தினது சுத்தப் போறதுக்கில்ல. பாரத்தோட அளக்கிறதுக்கு” என்றேன்.

மூடியைக் கழற்றலாம் என்றால் ஆயுதப் பெட்டி வீட்டில். மாப்பிள்ளை வீட்டுக்கென்று ஏற்றிய சாமானைப் பாதியில் இறக்கினால் சகுனப்பிழை. அப்படியென்றால் இறக்கக்கூடியது ஆட்கள்தான். இவரும் நானும் ஒரே நேரத்தில் மச்சாளைப் பார்த்தோம்.

“என்ன, என்னைப் பாக்கிறீங்க?”

“அக்கா, ஒரு ஓட்டோ பிடிச்சுத் தாறன்…”

“மூத்தவள நடுறோட்டில இறக்கிற குடும்பமாடா இது?”

“பாரமெண்டு சொல்லல்ல அக்கா. டயர்…”

“டயரோ! இவ்வளவு காலமும் நான் இதில ஏறல்லயா? அப்பெல்லாம் பாரமில்லாதவள், டயருக்குச் சட்டை போட்ட உடன பாரமாயிட்டனோ?”

ஆனாலும் இறங்கினார். ஓட்டோவில் ஏறும்போது என்னைப் பார்த்து விரலை நீட்டினார்: “நான் வருமட்டும் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது.” (எனக்கு அப்படி ஒரு கட்டளை தேவையே இல்லை.)

பாரம் குறைந்ததும் கீச்சு நின்றது. கல்குடாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை வீட்டு வாசற்கடப்பு ஒடுக்கம். இவர் முழுக்கத் திருப்பினார். பாரத்தைத்தான் நினைத்தோம், திருப்பத்தை யார் நினைத்தது? முன் டயர் மூடியைக் கவ்விப் பிடித்தது. ‘படார்’ என்று ஒரு சத்தம். மூடி பிய்ந்து எழும்பி, அரைச் சந்திரன் மாதிரிப் பறந்து, பாயில் காயப்போட்டிருந்த கருவாட்டின் நடுவில் விழுந்து, அங்கிருந்து சறுக்கிப் போய் வாசலில் எங்களை வரவேற்க நின்ற மாப்பிள்ளையின் தாயின் காலடியில் நின்றது. கருவாடு நாலு திசைக்கும் போனது. கோழிகளும்தான்.

அந்த அம்மா மூடியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். “வாங்க, இரிங்க” என்றார்.

உள்ளே உட்கார்ந்தோம். சோடா வந்தது. மச்சாள் வரவில்லை. சுவர் மணிக்கூட்டில் நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தோம். மச்சாளுக்குப் போன் எடுத்தால், ஓட்டோவின் சில்லு காற்றுப் போய் வாழைச்சேனையில் நிற்கிறாராம். இவர் என் முழங்கையில் இடித்தார். “நீதான் கேக்கணும். பிள்ளை வீட்டில காத்திருக்கா.”

எழும்பினேன். வெற்றிலைத் தட்டை நீட்டினேன். மச்சாள் வழக்கமாகச் சொல்கிற வசனத்தை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ‘உங்கட குலக்கொடிக்கு எங்கட பந்தல்’ என்று தொடங்கும். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“வெறுமையா வெச்சு அளந்துட்டம்” என்றேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் மட்காட்டைப் பற்றியே வந்தது. எருமை, பூசாரியார், வெள்ளைக்காரன், தடித்த சிநேகிதர்கள், என் மெலிந்த விரல், நடுறோட்டில் இறக்கிய மச்சாள், எல்லாம். இவர் தலையைக் குனிந்தார். ரவியின் தகப்பன் சோடாப் போத்தலை வாயில் வைத்தபடி அப்படியே இருந்தார்.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். கடற்கரையில் மீன் கூறி விற்றுப் பழகிய குரல்; சிரித்தால் கூரை அதிரும். கண்ணைத் துடைத்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தவர் பதறிப்போனார். “எல்லாம் சொல்லிட்டீங்க, மாப்பிள்ளையையும் கேட்டுடுங்களன்! நேரம் போகுது!”

“அவரையும் தாங்க” என்றேன்.

“கூட்டிப் போங்க!” என்று தட்டை வாங்கிக்கொண்டார். “ஆனா அந்த ஜீப்பில மட்டும் ஏத்தாதீங்க. எங்கட பிள்ளையும் பாரம்தான்.”

மச்சாள் வந்து சேர்ந்தபோது நாங்கள் சாப்பாட்டில் இருந்தோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இவளா? இவளா பறைஞ்சவ?” என்று சாப்பிட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கலியாணம் நல்லபடி நடந்தது. இப்போது எங்கள் வீட்டில் யார் எதற்கு அளவெடுத்தாலும், அலுமாரியோ சட்டையோ, “மாமி, ஆக்களை ஏத்தி அளந்தாச்சா?” என்று மருமகன் கேட்காமல் விடமாட்டார். வீட்டில் எல்லாருக்கும் அந்தக் கேள்வி பழகிவிட்டது. ஜீப்புக்குப் புது மூடி பூட்டிய நாளில் இவரும் மருமகனும் நேரே மச்சாள் வீட்டுக்குப் போய், கெஞ்சிக் கூட்டிவந்து, முன் ஆசனத்தில் உட்கார வைத்துத்தான் அளவெடுத்தார்கள். பின்னேரம் வரை மச்சாள் இறங்கவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு ராணி மாதிரி இருந்து, ரோட்டால் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்:

“நான் ஏறாட்டி இந்தக் குடும்பத்துக்கு அளவு தெரியாது கா!”