ஓடுகிறதா, மாற்றிவிடுவோம்

ஈப்போவில் எந்தக் கணினி அலுவலகத்துக்குள் நுழைந்தாலும், ஏர்கோன் குளிருக்கு நேர் கீழே ஓர் 'இதை மாற்றிவிடலாம்' ஆசாமி உட்கார்ந்திருப்பார். நீங்கள் அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை; உங்களிடம் ஒழுங்காக ஓடுகிற பொருள் ஏதாவது இருந்தால் போதும், அவரே தேடிக்கொண்டு வந்துவிடுவார்.

நம் கால்வினையே எடுத்துக்கொள்ளுங்களேன். கல்யாண வீட்டிலும் சரி, பூசை முடிந்து மாதா கோயில் வாசலிலும் சரி, கொப்பி குடிக்கிற கடையிலும் சரி, ஒரு கணினி இன்னொரு கணினியோடு எந்த முறையில் பேச வேண்டும் என்பதைத் தவிர மனிதருக்கு வேறு கவலை கிடையாது. பழைய முறைக்கு ரெஸ்ட் என்று பெயர். சொல்ல வேண்டியதை நாமே வாசிக்கிற மாதிரி விரிவாக எழுதி அனுப்பும். புதியது ஜிஆர்பிசி, எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டி வேகமாக அனுப்பும், ஆனால் எதிர்ப்பக்கத்துக்கும் அந்தக் கட்டைப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். "எந்தக் காலத்துல இருக்கோம்லா?" என்று கால்வின் பெருமூச்சு விட்டால், எங்கேயோ ஒரு பழைய கணினிக்குக் கெட்ட நேரம் என்று அர்த்தம்.

சித்தியவான் பக்கம், ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில், செம்பனைப் பழத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் ஓர் ஆலை. அங்குள்ள கணினிகள் கால்வினின் பொறுப்பு. அதன் வாசலில் லாரியை நிறுத்தி எடை போடும் மேடை. மேடைக் கணினி எடையைச் சொல்லும், அலுவலகக் கணினி சீட்டுக் கொடுக்கும், லாரி உள்ளே போகும். பல வருடமாக ஒரு தகராறும் இல்லை. கால்வினுக்குப் பொறுக்குமா?

"அண்ணே, பழசு நல்லாதானே ஓடுது?" என்றாள் உடன் வேலை செய்யும் ஷர்மினி.

"அதான்லா பிரச்சன. ஓடிக்கிட்டே இருந்தா எப்ப மாத்துறது?"

ஷர்மினியோடு ஆலைக்கே போய் மாற்றினார். அலுவலகக் கணினி புதிய முறையில் கேட்டது. பழைய முறை மட்டுமே தெரிந்த மேடைக் கணினி திருதிருவென்று விழித்தது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு கணினியை வைத்தார். அது தடுமாறவே, அதைக் கண்காணிக்க இன்னொன்றை வைத்தார். பிறகு நான்கும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டன. எடையை மட்டும் எதுவும் சொல்லவில்லை.

வெளியே வெயிலில், பாகான் டத்தோவிலிருந்து வந்த கார்த்திகேசு, தன் நாலு ஏக்கரில் நேற்று வெட்டிய செம்பனைக் குலைகளோடு காலையிலிருந்து நிற்கிறார். இன்றைக்குள் எடை போடாவிட்டால் பழம் கெட்டுவிடும், எந்த ஆலையும் வாங்காது, இரண்டு வாரப் பாடு மண்ணாகிவிடும். அலுவலக ஜன்னலருகே வந்து கால்வினைக் கூப்பிடுகிறார்.

"தம்பி, சீட்டு எப்ப வரும்?"

"பத்து மில்லி செகண்டுல அண்ணே. முன்னயெல்லாம் அம்பது."

"சரிப்பா. அந்தப் பத்து எப்ப?"

"வர ஆரம்பிச்சதும்."

பொழுது சாயச் சாய, வரிசையில் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் கார்த்திகேசுவும் வண்டியைத் திருப்பினார். அடுத்த ஆலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கால்வின் ஜன்னல் வழியே காலியான வாசலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா ஷர்மினி? இப்ப கியூவே இல்ல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் நீங்களும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எதையோ மாற்றினீர்களே, அது எவ்வளவு வேகம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டீர்களே, வாசலில் யார் காத்திருக்கிறார் என்று ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தீர்களா?