ஆறு கன்வெர்ட்டரும் ஒரு வாசல் குழியும்

என் அக்கா பெற்ற ஒரே மகளும், ஓடுகிற நான்கு எந்திரங்களுக்கும் செத்துப்போன ஆறு எந்திரங்களுக்கும் பாதி செத்துப்போன ஒரு மாமனுக்கும் முதலாளியும், தற்சமயம் மூட்டு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருப்பவளுமான அருமை மருமகளுக்கு, மாமா எழுதிக்கொள்வது. உன் மூட்டு சௌக்கியமா, உன் வீட்டுக்காரர் கொண்டுவரும் சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கிறதா என்பதையெல்லாம் முறைப்படி விசாரித்ததாக வைத்துக்கொள். பதிலுக்கு நீ என் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டாம். அந்தச் சொல் நம் எந்திர யார்டை விட்டு வெளியேறி ஒரு வாரமாகிறது.

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதை நீ நம்ப மாட்டாய், டாக்டர் நம்ப மாட்டார், பக்கத்துக் கட்டில்காரி காசு கொடுத்தாலும் நம்ப மாட்டாள். அனுபவித்த எனக்கே நம்பிக்கை வராமல் நான்கு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று ஊன்றுகோலோடு யார்டின் நடுவில் நின்று சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "மாமா, செத்துக் கிடக்கிற ஆறு வண்டியிலயும் கன்வெர்ட்டரைக் கழட்டி வைங்க. வாங்குற அம்மா வருவாங்க, அப்படியே குடுங்க. வேற எதுவும் செய்யாதீங்க." இதை ஒழுங்காக முடித்தால் நீ வரும்வரை மட்டுமல்ல, வந்த பிறகும் யார்டுப் பொறுப்பு எனக்கு, ஆபீசுக்கு மேலே இருக்கும் அறையும் எனக்கு, சொதப்பினால் சாவியை உன் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு உன் பெரிய மாமா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சிரிக்காமல் சொன்னாய். என் அண்ணன் வீடு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். சாயங்காலமே விளக்கை அணைத்துவிட்டு, இருமுவதென்றால் மொட்டைமாடிக்குப் போய் இருமச் சொல்கிற வீடு. அங்கே எனக்கென்று ஒதுக்கியிருப்பது சலவை எந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடம். எந்திரம் பிழியும்போது நானும் சேர்ந்து நடுங்கவேண்டும். இந்த வயதில் எனக்கு அது அடுக்குமா? ஆகவே இந்தக் காரியத்தில் உயிரைக் கொடுத்து உழைப்பது என்று முடிவு கட்டினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. நான் சும்மா இருந்திருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும்.

கழற்றுவதிலேயே ஆரம்பித்தது அழிச்சாட்டியம். பொறி என்று நாம் கூப்பிடும் நம் வெல்டரையும் கூட்டிக்கொண்டு முதலில் மலைக்குப் போனேன் (உன் அப்பா ஆசையாக வாங்கி, ஓட்டியதைவிட அதிகமாக ரிப்பேர் பார்த்த அந்தப் பெரிய புல்டோசருக்கு நான் வைத்த பெயர்). புகையைச் சுத்தம் செய்யப் புகைக்குழாயின் நடுவே வயிறு உப்பிய டப்பா ஒன்று தொங்குகிறதே, அதுதான் கன்வெர்ட்டர். அதைப் பிடித்திருந்த போல்ட் துருவேறி, தான் போல்ட் என்பதையே மறந்துபோயிருந்தது. ஸ்பேனர் போட்டோம், அசையவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி நீளமாக்கினோம், அசையவில்லை. அந்தக் குழாயில் இன்னொரு குழாய், அதில் இன்னொன்று என்று செருகிக்கொண்டே போனதில் கடைசிக் குழாயின் நுனி மதிலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மாவின் ஜன்னலுக்குள் நுழைந்துவிட்டது. நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டிருந்த நோயாளி, பிடித்துக்கொள்ள ஏதோ கம்பி கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அங்கே டாக்டரம்மா கடைவாய்ப் பல்லை இழுத்த அதே நொடியில் இங்கே போல்ட் கழன்றது. பிறகு மற்ற போல்ட்டுகளுக்கும் அந்தம்மா மாடியில் எப்போது பல் பிடுங்குவார்கள் என்று விசாரித்து விசாரித்துத்தான் கழற்றினோம். சொத்தைப் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஞானப்பல்லுக்குத்தான் எக்ஸ்கவேட்டர் போல்ட் மசிந்தது.

இப்படியாக ஆறு டப்பாவும் தரையில் வரிசையாகக் கிடந்தன. குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் அடுப்புக்கரி நிறம். உள்ளே டார்ச் அடித்தால் ஓட்டை ஓட்டையாக, தேன்கூடு மாதிரி, ஏதோ சுட்ட மண். அதன்மேல் பல வருஷத்துப் புகை அப்பிக் கிடந்தது. மலையுடையதைக் குலுக்கினால் உள்ளே உடைந்த துண்டுகள் கடகடவென்று உருண்டன. இந்தக் குப்பையை வைத்துக்கொண்டா எஃகு டப்பாவுக்கு விலை கேட்பது என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. பொறி மட்டும் முனகினான். "அண்ணே, எல்லாரும் இதை இப்படியேதான் விக்கிறாங்க." "வீட்டை விக்கிறவன் வெள்ளையடிக்காமயா விக்கிறான்? நீ கடப்பாரையை எடு" என்றேன். மருமகளே, அந்த வாக்கியத்தை நான் சொன்னபோது என்னைத் தடுக்க ஓர் இடி விழுந்திருக்கலாம், ஒரு பூகம்பம் வந்திருக்கலாம், குறைந்தபட்சம் எனக்கு ஒரு விக்கலாவது எடுத்திருக்கலாம். எதுவும் வரவில்லை. கடப்பாரைதான் வந்தது.

ஆறு டப்பாவுக்குள்ளும் இருந்த மண்ணை ஒரு துண்டு மிச்சமில்லாமல் இடித்து வெளியே தள்ளினோம். எழுந்த தூசியில் நான் போட்ட ஒரு தும்மலில் ஆபீஸ் காலண்டர் நான்கு மாதம் முன்னால் போய்விட்டது. அப்புறம் டப்பாக்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வெள்ளி நிறப் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்து வெயிலில் வைத்தேன். அந்தப் பளபளப்பைக் கண்டு மேலே போன விமானம் ஒன்று, கீழே ஓடுபாதை இருக்கிறது என்று சக்கரத்தை இறக்கிவிட்டு, அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு மேலேறியது. இடித்த மண் மூன்று கூடை இருந்தது. அதை எங்கே கொட்டுவது என்று யோசித்தபோதுதான் வாசல் கேட்டுக்கு நடுவே இருக்கும் குழி நினைவுக்கு வந்தது. போன மழையில் அந்தக் குழியில் இறங்கிய டிரைவர் ஒருவன் தாடியோடுதான் கரையேறினான் என்று நீயே குறைபட்டிருக்கிறாய். மூன்று கூடையையும் அதில் கொட்டி, மேலே தண்ணீர் தெளித்து, போகிற வருகிற லாரிகளையெல்லாம் ஒரு தடவை ஏறி இறங்கிப் போகச் சொன்னேன். குழி மூடியது. அந்த ஒரு சாயங்காலம் என்னைவிடச் சிறந்த நிர்வாகி உலகத்திலேயே இல்லை என்று எனக்குத் தோன்றியது. நாம் மேலாண்மை என்று கூப்பிடும் உன் கொழுந்தன்கூட, அதைத்தானே அவன் காசு கட்டிப் படித்தான், வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே மாமா என்றான்.

மறுநாள் கன்வெர்ட்டர் வாங்கும் அந்தம்மா வந்தார். தராசு, உலோகம் கண்டுபிடிக்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, முகத்தில் ஒரு மாதிரி அமைதி. நான் டப்பாக்களை மூடியிருந்த துணியை, மணப்பெண்ணைக் காட்டுவதுபோல மெதுவாக விலக்கினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து, முதல் டப்பாவை விரலால் தட்டினார். மணி மாதிரி ஒலித்தது. இரண்டாவதைத் தட்டினார், அதுவும் ஒலித்தது. ஆறும் ஒலித்து ஓய்ந்த பிறகு நிமிர்ந்தார்.

"உள்ள இருந்தது எங்கேங்க?"

"குப்பையா? அதெல்லாம் சுத்தமா இடிச்சு எடுத்துட்டேன். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல."

அவர் தராசின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, பிள்ளையிடம் பேசுவதுபோல ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். "ஐயா, நான் வாங்குறதே அந்தக் குப்பையத்தான். அந்த மண்ணு மேலதான் பிளாட்டினம் பூசியிருப்பாங்க. நீங்க பெயின்ட் அடிச்சு வச்சிருக்கிறது பழைய தகரம்."

எனக்குக் காலுக்குக் கீழே தரை நழுவியது. சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே நழுவியது. அதற்குள் நாங்கள் நடந்து வாசல் குழிக்கு வந்திருந்தோம். அவர் கருவியைக் குழியின்மேல் வைத்து விசையை அழுத்தினார். கருவி ஒரு தடவை முனகி, ஒரு தடவை விக்கி, பிறகு கூச்சலிட ஆரம்பித்தது. அந்தம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "உங்க யார்டைவிட உங்க வாசல் விலை ஜாஸ்திங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏறுமுன் செருப்பைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

அன்றிலிருந்து இந்தத் தெருவின் கதியைக் கேள். முந்தின நாள் நான் ஏறி இறங்கச் சொன்ன லாரிகள் அத்தனையும் நம் பிளாட்டினத்தைச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு ஊர் முழுவதும் இழுத்துப் போய்விட்டன. நான் ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் டப்பாவுமாக ஒரு சிமென்ட் லாரியின் பின்னால் ஓடி, சிக்னலில் நின்றபோதெல்லாம் டயரைத் துடைத்தேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "பெருசு, இன்னொரு சக்கரமும் இருக்கு, அதையும் பாத்துக்க" என்றான். விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. பெருக்கிய மண்ணை ஜன்னல் வழியே தெருவுக்குத் தள்ளியே பழகியவர்கள், தெரு மண்ணைப் பெருக்கி வீட்டுக்குள் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். அடகுக்கடையில் செருப்பை எடை போட்டு வாங்கினார்கள். இடது கால் செருப்புக்குத் தனி விலை. விருந்தாளி வந்தால் காலைக் கழுவச் சொல்லி, கழுவிய தண்ணீரைப் பூட்டி வைத்தார்கள். தெரு இவ்வளவு சுத்தமாகிவிட்டதைப் பார்த்து நகராட்சிக்காரர்கள் ஒரு கேடயத்தோடு வந்தார்கள். அதை யாருக்குக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறாய்? மேலாண்மைக்கு. அவன் கழுத்தில் மாலையோடு என்னிடம் வந்து, என் அறை ஜன்னலுக்குத் திரைச்சீலை எந்த நிறத்தில் போட்டால் அவனுக்கு எடுப்பாக இருக்கும் என்று என்னையே கேட்டான். அதே சமயம் உன் பெரிய மாமா போன் பண்ணினார். சலவை எந்திரத்தை அரையடி நகர்த்திவிட்டாராம், நான் ஒருக்களித்துப் படுத்தால் இடம் போதுமாம்.

ஆகவே மருமகளே, இந்த மாமனிடம் இப்போது மிஞ்சியிருப்பவை மணி மாதிரி ஒலிக்கும் ஆறு வெற்று டப்பாக்களும் ஒரு தும்மலும்தான். ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை, பிடித்தாலும் கனவில் யாரோ பிழிகிறார்கள். நீ என்னை நம்பி ஒரே ஒரு வேலை கொடுத்தாய். ஒன்றும் செய்யாதே என்பதுதான் அந்த வேலையின் முக்கால் பங்கு; அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. சாவியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுக்கச் சொல்கிறாயோ அவரிடம் வாய் திறக்காமல் கொடுத்துவிடுகிறேன்.

உன் மூட்டு புது போல்ட் போட்டதுபோல மடங்கி நிமிர வேண்டும், நீ படியேறி இறங்கி நூறு வருஷம் எல்லோரையும் விரட்டி வேலை வாங்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உன் வீட்டுக்காரருக்கு என் அன்பைச் சொல். டாக்டருக்கு வணக்கம். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு, முகம் தெரியாவிட்டாலும், மரியாதை.

இப்படிக்கு,
எந்திரங்களோடு ஏழாவதாகத் துருப்பிடித்துக்கொண்டிருக்கும்
உன் மாமா

பி.கு.: பதறாதே, காலை அசைக்காதே, நர்சைக் கூப்பிடாதே. மேலே எழுதியது அத்தனையும் பொய். போல்ட்டுகளைப் பொறி காஸ் கட்டரால் வெட்டி டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டான். பல் டாக்டரம்மாவுக்கு இதில் சம்பந்தமே இல்லை. விமானம் எதுவும் இறங்கவில்லை. யாரும் யாருடைய செருப்பையும் எடை போடவில்லை. கேடயமும் இல்லை, மாலையும் இல்லை. மேலாண்மை பாவம், ஆபீசுக்குள் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கிறான். அண்ணன் போன் பண்ணவே இல்லை. கன்வெர்ட்டர்களை அந்தம்மா நீ சொன்னபடியே, அழுக்கோடு அழுக்காக, உள்ளே இருந்தது உள்ளேயே இருக்க, நல்ல விலைக்கு எடுத்துப் போய்விட்டார்.

அதாவது ஐந்தை.

மலையுடையது மட்டும் கொஞ்சம் உண்மை. பெரியதிலிருந்து தொடங்குவதுதானே முறை என்று அதை முதலில் இடித்தேன். இரண்டாவதற்குக் கடப்பாரையை ஓங்கும்போது அந்தம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மற்ற ஐந்தும் சேர்ந்தால்தான் அது ஒன்றுக்கு ஈடாகும் என்று அவர்தான் சொன்னார், நானாகச் சொல்லவில்லை. மண் முழுக்க வாசல் குழியில் இருக்கிறது, லாரி எதையும் இன்னும் ஏறவிடவில்லை. அதை அலுங்காமல் அள்ளிப்போக நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை குழியை ஒட்டி ஸ்டூல் போட்டு நான்தான் காவல். வெளியே மூன்று லாரி ஹாரன் அடிக்கிறது. நீ மேலாண்மைக்கு ஒரு போன் போட்டு, வாசலை நாளை வரை மூடி வைக்கச் சொன்னதே நீதான் என்று சொல்லிவிடு. ஆறில் ஐந்தை ஒழுங்காகச் செய்தவனுக்கு இதைக்கூடச் செய்யக்கூடாதா? என்ன மாமா வாசல்ல உட்கார்ந்திருக்கீங்க என்று அவன் ஜன்னல் வழியாகக் கேட்டான். வெயில் காய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது தூறல் ஆரம்பித்துவிட்டது. குடையைக் குழிக்குப் பிடித்துக்கொண்டு நான் நனைகிறேன்.