வாலிபர் ஊழிய மேம்பாட்டுக் குழுவின் இடையூறுகள்

மனித குலத்துக்கு முதலில் நெருப்பு கிடைத்தது. பிறகு சக்கரம் கிடைத்தது. மூன்றாவதாக எங்கள் திருச்சபைக்கு 'வாலிபர் ஊழிய மேம்பாட்டுத் திட்டக் குழு' கிடைத்தது. அதன் செயலர் அடியேன். உறுப்பினர் ஏழு பேர், சராசரி வயது அறுபத்து மூன்று. பல் டாக்டருக்கு மட்டும் ஐம்பத்தெட்டுதான் என்பதால் அவரை 'இளைய தலைமுறையின் பிரதிநிதி' என்று ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம்.

வாலிபர்களைப் பற்றிப் பேச வாலிபர் அறையைவிடப் பொருத்தமான இடம் உண்டா? இரண்டு மின்விசிறி, தெருவைப் பார்த்த ஜன்னல், நல்ல காற்று. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவர்கள் அங்கே கூடிப் பாடுவது வழக்கம். "ஒரே ஒரு வாரம்" என்று கேட்டோம். தங்கமான பிள்ளைகள், நாற்காலியெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது பதினோரு மாதத்துக்கு முன்னால்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய டேபிள் டென்னிஸ் மேஜையை ஆலோசனை மேஜையாக 'மேம்படுத்தினோம்'. வலையைக் கழற்றத்தான் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே தலைவர் வலைக்கு அந்தப் பக்கம், நாங்கள் ஆறு பேர் இந்தப் பக்கம். கித்தார்கள் துடைப்பம் வைக்கும் அறைக்குப் போயின. பாட்டுப் பயிற்சி அட்டவணையின்மேல் எங்கள் 'தொலைநோக்கு வரைபடம்' ஏறியது. அதில் அம்புக்குறிகள் மட்டும் நாற்பது.

வாராவாரம் ஐந்து இருபதுக்குக் கதவு தட்டப்படும். நான் எழுந்து போவேன். வெளியே என் மகள் நிற்பாள். வாலிபர் குழுவுக்குத் தலைவி அவள்தான்.

"அப்பா, இன்னிக்காவது ரூம் கிடைக்குமா?"

"ஷ்ஷ்! உங்களுக்காகத்தாம்மா மண்டைய உடைச்சிட்டிருக்கோம்."

"எங்களுக்காக உடைக்க வேணாம்ப்பா, பாவம். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. படியில உட்கார்ந்து எத்தனை நாள் பாடறது? பதினாலு பேர் இருந்தோம், இப்ப அஞ்சு பேர்."

கதவைச் சாத்திவிட்டு வந்து குறிப்பேட்டில் எழுதுவேன்: 'இடையூறு: கதவு தட்டல். செயலர் அமைதிப்படுத்தினார்.' என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

வாலிபர்கள் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்று கண்டறிய நாற்பத்தெட்டுக் கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்தோம். ஐந்து பேரும் நிரப்பித் தந்தார்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்: 'ரூமைக் கொடுங்க.'

"காப்பியடிச்சிருக்காங்க" என்றார் தலைவர். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "அவசரப்படாதீங்க சார். என்கிட்ட வர்றவங்க ஒரு பல்லைக் காட்டி வலிக்குதுன்னு சொல்வாங்க. சொத்தை வேற பல்லுல இருக்கும். ரூமுங்கறது காட்டுற பல்லு. நாம வேரைத் தேடணும்."

வேரைத் தேட ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. பலத்த கைதட்டல்.

அடுத்த வாரம் என் மகளிடமிருந்து கடிதம் வந்தது. 'வர்ற ஞாயிறும் ரூம் இல்லைன்னா எங்க குழுவைக் கலைச்சிடுறோம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையா இருக்கு.'

"சபைக் கடிதத்துல பிடாரியா!" என்று தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். அந்தச் சொல்லைக் கண்டிப்பதில் அரை மணி நேரம் போயிற்று. கடிதத்தின் மற்ற பகுதி 'இதர விஷயங்கள்' என்ற பன்னிரண்டாம் பொருளில் சேர்க்கப்பட்டது. பதினோராம் பொருள், பெயர்ப்பலகைக்கு நீலமா பச்சையா என்பது. மும்மூன்று வாக்கு. தலைவர் தம் வாக்கை அளித்தபோது மணி ஏழு. கூட்டம் இனிதே முடிந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே மகள் கேட்டாள். "என்னப்பா முடிவாச்சு?"

"நீலம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. விழுந்து விழுந்து சிரித்தாள்.

போன ஞாயிறு ஐந்து இருபதுக்குக் கதவு தட்டப்படவில்லை. நான் மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன்.

"அப்பாடா, இன்னிக்குத்தான் நிம்மதியா இருக்கு" என்றார் தலைவர்.

ஐந்தரைக்கு எதிரே சைக்கிள் கடையிலிருந்து பாட்டு கிளம்பியது. ஞாயிறு விடுமுறை என்று கடைக்காரர் இடத்தைச் சும்மா கொடுத்திருக்கிறார். ஐந்து குரல் அல்ல, இருபதாவது இருக்கும். நடுநடுவே ஒரே சிரிப்பு. எங்கள் பல் டாக்டரின் கால்கூட மேஜைக்கு அடியில் தாளம் போட்டது.

"யாருய்யா அது?" என்றார் தலைவர். "செயலரே, ஜன்னலைச் சாத்துங்க. வாலிபர்கள் ஏன் பாட வர்றதில்லைன்னு இன்னிக்கு ஒரு முடிவுக்கு வந்தாகணும்."

எல்லாருக்கும் மேலாகக் கேட்டது என் மகளின் குரல். தெரிந்துதான் சாத்தினேன். பிறகு உட்கார்ந்து முத்து முத்தாக எழுதினேன்:

'இடையூறு: வாலிபர்கள். செயலர் அமைதிப்படுத்தினார்.'